கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்கிறவர்

பாபகூரா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டெய்ரி இருக்கிறது. பால், பாண், பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் என்று விற்கிற சின்னக் கடை. கடைக்காரர் பிஜியிலிருந்து வந்தவர். இந்த நாட்டில் கடைக்குள் நுழைகிற எல்லோரும் ‘எப்படி இருக்கிறீர்கள்’ என்று கேட்பார்கள். அது கேள்வி அல்ல. வாசலில் செருப்பைக் கழற்றுவது போல ஒரு பழக்கம். கடைக்காரரும் நிமிர்ந்து பார்க்காமல் ‘நல்லம், நல்லம்’ என்று சொல்லிக்கொண்டே பாலைப் பைக்குள் போடுவார்.

ஒரே ஒரு பெண் மட்டும்தான் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்பார். ‘நல்லம்’ என்பதை அவர் பதிலாக ஏற்றுக்கொள்வதில்லை. கடைக்காரரின் முகத்தையே பார்த்துக்கொண்டு பேசாமல் நிற்பார். பின்னால் வரிசை நீளும். ஒருநாள் அந்த வரிசையில் பாணும் கையுமாக நான் நின்றேன், வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. கடைக்காரர் தோற்றுப்போய் முழங்கால் வலியில் தொடங்கி, மகன் கடையை எடுத்து நடத்தமாட்டேன் என்று சொன்னதில் முடித்தார். முடிக்கும்போது அவருடைய கண் கலங்கியிருந்தது. இந்த மனுசிக்கு வேறு வேலையே இல்லையா என்று நான் மனதுக்குள் திட்டினேன்.

வேறு வேலை இல்லைதான். அதுதான் அவருடைய வேலை என்று அடுத்த வாரம் தெரிந்துகொண்டேன்.

அவர் மாவோரிப் பெண். உயரம், பெரிய சிரிப்பு, மழைக்கும் வெயிலுக்கும் ஒரே ரக்பி ஜேர்சி. பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதட்டுமா என்று கேட்டால், ‘ஏன் எழுத விரும்புறீங்கள்?’ என்று திருப்பிக் கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்பார். எனக்கு அதற்கு நேரமில்லை. எங்கள் வீட்டில் அவருக்குக் ‘கேள்வி மனுசி’ என்று பெயர். அவர் வடக்கே தன் ஊருக்குப் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. போன் எடுத்தால் இன்னும் அப்படித்தான். இன்னொன்றும் சொல்லவேண்டும். அவர் பேசியது ஆங்கிலம், இடையிடையே மாவோரி. இங்கே அவர் வாயில் யாழ்ப்பாணத் தமிழ் வந்தால் அதற்கு நான்தான் பொறுப்பு.

தற்கொலை எண்ணத்தோடு இருப்பவரை எப்படிக் கண்டுகொள்வது, எப்படிப் பேசுவது, எப்படிக் கூட இருப்பது என்று சாதாரண ஆட்களுக்குக் கற்றுக்கொடுக்கிற பயிற்சியை அவர் நடத்தினார். அவருடைய சனங்களுக்காக, அவர்களுடைய முறையிலேயே அமைத்த பயிற்சி. முன்பெல்லாம் வெளியிலிருந்து யாராவது வந்து, சுவரில் படம் காட்டி, மத்தியானத்துக்குள் எல்லோர் கையிலும் சான்றிதழைக் கொடுத்துவிட்டுப் போவார்களாம்.

“எங்கட ஆக்களிட்டச் சான்றிதழுக்குக் குறைவில்லை. ஆக்கள்தான் குறைஞ்சுகொண்டு போகினம்,” என்பார்.

பாபகூராவில் நான் வேலை செய்யும் பார்மசிக்கு அறிவித்தல் வந்தது. வேறு இனத்தவர்களுக்கும் சில இடங்கள் இருப்பதாகச் சொன்னார்கள். கவுண்டரில் நிற்கிறவளுக்கு உதவும் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுப் போனேன். உண்மை அதுவல்ல. என் தம்பி சான்ட்ரிங்ஹாமில் ஒரு கடைக்கு மேலே தனியாக இருந்தான். வேலை போய்விட்டது. மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு மெல்பேர்னுக்குப் போய்விட்டார். கோயிலுக்கு வருவதை நிறுத்தினான். எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்தினான். போன் எடுத்தால் எடுப்பான். ஆனால் அந்தக் குரலில் அவன் இல்லை.

முதல்நாள் மண்டபத்தில் மேசையும் இல்லை, படம் காட்டுகிற பெட்டியும் இல்லை. கதிரைகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். பிரார்த்தனை, பிறகு பாட்டு, பிறகு சாப்பாடு. வேலையைச் சொல்லி அறிமுகம் செய்யக் கூடாது என்பது அவருடைய சட்டம். உங்கள் மலை எது, உங்கள் ஆறு எது என்று சொல்லவேண்டும். அவர்களுடைய வழக்கம் அது. மனிதன் தனி ஆள் அல்ல, ஒரு மலையின் பிள்ளை, ஒரு தண்ணீரின் பிள்ளை. ஒவ்வொருவரும் எழுந்து தங்கள் மலையையும் ஆற்றையும் சொந்தக்காரரைச் சொல்வது போலச் சொன்னார்கள். என் முறை வந்தது.

யாழ்ப்பாணத்தில் மலை ஏது? ஆறு என்று ஒன்றைச் சொல்லலாம், ஆனால் அது மழைக்கு மட்டும் ஓடும், மற்ற நாளில் அதற்குள் ஆடு மேயும். நான் எழுந்து நின்று முழித்தேன். அவர் வழக்கம் போலக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்தார்.

“எங்களிட்ட மலை இல்லை,” என்றேன். “ஆறும் இல்லை எண்டுதான் சொல்லவேணும். கிணறு இருக்கு.”

“எப்பிடிப்பட்ட கிணறு, ஆன்ட்டி?”

என்னைவிடப் பத்து வயது குறைந்தவராக இருக்கலாம், அவ்வளவுதான். அதற்குள் ஆன்ட்டி. ஆனாலும் கிணற்றைக் கேட்டவர்களை நான் கோபிப்பதில்லை. எங்கள் வீட்டுக் கிணற்றின் ஆழத்தை, கோடையிலும் வற்றாததை, பக்கத்து வீட்டுக்கும் பங்கு இருந்ததை, அந்தப் பங்குக்காக நடந்த சண்டையை எல்லாம் சொன்னேன். பேசி முடித்தவர் பாடவேண்டும் என்பது அடுத்த சட்டம். எனக்குப் பள்ளிக்கூடத்துத் தேவாரம் ஒன்றுதான் முழுதாக வரும். அதைப் பாடினேன். சுருதி எங்கோ போனது. மண்டபமே எழுந்து நின்று கேட்டது. அன்றிலிருந்து அங்கே நான் ‘கிணத்து ஆன்ட்டி’.

உட்காரப் போன என்னை அவர் விடவில்லை.

“ஆருக்காக வந்தனீங்கள்?”

“வேலைக்காக.”

அவர் தலையைச் சற்றுச் சரித்துக்கொண்டு பார்த்தார். அந்தப் பார்வையில் மிரட்டல் இல்லை, பரிதாபமும் இல்லை. பஸ் வரும்தானே என்று நிற்கிறவரின் பொறுமை மட்டும் இருந்தது. எனக்குக் காது சூடாகியது.

“தம்பிக்காக,” என்றேன்.

“சரி, இப்ப இருங்கோ,” என்றார்.

கேள்வி கேட்கிற பயிற்சியில்தான் எனக்கும் அவருக்கும் முட்டியது. அவர் தம்பியாக நடிப்பார், நான் கேட்கவேண்டும். ஆங்கிலத்தில் தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

“தம்பி எந்த மொழியில அழுவார்?”

“தமிழில.”

“அப்ப தமிழில கேளுங்கோ.”

“உங்களுக்கு விளங்காதே.”

“சத்தம் விளங்கும்.”

தலையைக் குனிந்து, ஜேர்சிக் கைகளுக்குள் விரல்களை ஒளித்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்படியே தம்பி மாதிரி இருந்தது. “தம்பி, சுகமாத்தானே இருக்கிறாய்?” என்றேன். பிறகு, “சாப்பிடுறாய்தானே?” பிறகு துணிந்து, “பிழையா ஒண்டும் யோசிக்கேல்லைத்தானே?”

அவர் நிமிர்ந்தார். “ஆர் அந்த தானே?”

எனக்கு விளங்கவில்லை.

“எங்கட மொழியில தானே எண்டா ஆம்பிளை. நீங்கள் கேட்ட எல்லாக் கேள்வியிலையும் ஒரு ஆம்பிளை நிக்கிறான். ஆர் அவன்?”

வட்டத்தில் இருந்தவர்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். நான் மானத்தைக் காப்பாற்ற இலக்கணம் விளக்கினேன். அது ஆள் இல்லை, சும்மா சேர்க்கிற ஒரு சொல், சேர்த்துக் கேட்டால் மற்றவர் ஓம் என்று சொல்வார்.

“இல்லை எண்டு சொல்ல ஏலாதோ?”

“ஏலும்… ஆனா ஒருத்தரும் சொல்றதில்லை. கேட்டவைக்கு ஒரு மாதிரிப் போயிடும்.”

அவர் தொடையில் தட்டினார். “அப்ப அவன் வாசல்ல நிக்கிற காவல்காரன். நல்ல பதிலை மட்டும் உள்ள விடுறான், மற்றதைத் துரத்திப்போடுறான்!”

மண்டபம் அதிர்ந்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று உறைத்தது. அத்தனை மாதமும் தம்பியிடம் போனில் நான் கேட்டதெல்லாம் அந்தக் காவல்காரனை நிறுத்திவைத்துத்தான். எங்கள் ஆட்களுக்கு அது அன்புதான், ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. கேட்கப்படுகிறவருக்குச் சிரமம் வைக்காமல் பதிலையும் நாங்களே சமைத்து, பொதி கட்டிக் கையில் கொடுத்துவிடுகிறோம். அவர் வாங்கிக்கொள்ளவேண்டியதுதான் பாக்கி.

“நேராக் கேளுங்கோ. சாகவேணும் எண்டு யோசிக்கிறியோ? அந்தச் சொல்லாலேயே கேளுங்கோ,” என்றார் கேள்வி மனுசி.

“சீ, வாயில வைக்கிற சொல்லோ அது? கேக்கப்போய் நாங்களே அந்த எண்ணத்தைக் குடுத்ததா முடிஞ்சா?”

அவருடைய முகத்தில் இருந்த விளையாட்டு போய்விட்டது. “கேட்டதால எண்ணம் வாறதில்லை, ஆன்ட்டி. எண்ணம் முதலே வந்திருந்தா, கேக்கிறது கதவைத் திறக்கிறது. எங்கட பக்கம் கேக்காம விட்டிட்டு, பிறகு மண்டபம் நிறைய இருந்து அழுதிருக்கிறம்.”

கேள்வியில் ‘தானே’ போடக் கூடாது என்று எனக்கு வீட்டுவேலை கொடுத்தார். அன்றைக்கே வீட்டில் பழகிப் பார்த்தேன். என் கணவர் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார்.

“இஞ்சருங்கோ, மத்தியானம் சாப்பிட்டியளோ?” என்று கேட்டுவிட்டு வாயை மூடினேன்.

பத்திரிகை மெதுவாகக் கீழே இறங்கியது. அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

“ஏனப்பா? டொக்டர் ஏதும் சொன்னவரோ?”

நான் பேசவில்லை.

“ஒடாஹுஹுவில ரெண்டு மட்டன் ரோல்ஸ் சாப்பிட்டனான்,” என்றார். அதற்கு மேலும் நான் பேசாமல் நிற்க, “மூண்டு,” என்றார். கொலஸ்ட்ரோல் குளிசை போடுகிற மனிதர். கேள்வி மனுசியின் வித்தையில் வேலை இருக்கிறது என்று அப்போதுதான் முழுதாக நம்பினேன்.

அந்த வித்தையால் அவஸ்தைகளும் வரும். பயிற்சி முடிந்த நாளில் எங்கள் வழக்கப்படி, “ஒருநாள் வீட்டுப் பக்கம் வாங்கோவன்,” என்று சொல்லிவைத்தேன். இதை நாங்கள் எல்லோருக்கும் சொல்வோம், சொன்னவரும் கேட்டவரும் மறந்துவிடுவது மரியாதை. அவர், “எப்ப?” என்று கேட்டுவிட்டு நின்றார். ஞாயிற்றுக்கிழமையே வந்தார். அவருக்குத் தேநீருக்கு மேல் ஒன்றும் சமைக்கத் தெரியாது, அதை ஈடுகட்டுமளவுக்குச் சாப்பிடத் தெரியும். பத்தாவது தோசையைப் பிய்த்துக்கொண்டே என் கணவரிடம் கேட்டார்.

“அடுத்த வருசம் ரிட்டயர் ஆகப்போறீங்களாம். பயமா இருக்கோ?”

“சீச்சீ, என்ன பயம்! தோட்டம் கிடக்கு, கோயில் கிடக்கு,” என்றார் இவர்.

கேள்வி மனுசி சட்னியைத் தொட்டுக்கொண்டு காத்திருந்தார். கல்லில் நான் ஊற்றிய தோசை கருகத் தொடங்கியது.

“காலமை எழும்பி என்ன செய்யிறது எண்டு தெரியேல்லை,” என்றார் என் கணவர். முப்பது வருடமாக அவருடன் வாழ்கிறேன், அப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை. எனக்கு அவர் மேல் பாசமும், அதை வெளியே எடுத்த பெண் மேல் கொஞ்சம் பொறாமையும் வந்தது.

போகும்போது வாசலில் என்னிடம் கேட்டார். “தம்பியைக் கேட்டாச்சோ?”

“வாற கிழமை.”

தலையாட்டினார். அதற்குப் பிறகு டெய்ரியில், ரயில் நிலையத்தில், பார்மசி வாசலில், எங்கே கண்டாலும் அதே கேள்வி. ஒருமுறைகூட அவசரப்படுத்தவில்லை, குறை சொல்லவில்லை. அதனால் எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது. ஒருநாள் பொறுக்க முடியாமல் வெடித்தேன்.

“கேட்டு, அவன் ஓம் எண்டு சொல்லிப்போட்டா நான் என்ன செய்யிறது?”

“அப்ப உங்களுக்கும் தெரியும்,” என்றார். “இப்ப அவருக்கு மட்டும்தான் தெரியும்.”

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் சான்ட்ரிங்ஹாமுக்குப் போனேன். கீழே கடையில் வடை பொரிகிற மணம், மேலே ஜன்னல் எல்லாம் மூடியபடி தம்பி. சுகம் விசாரித்தேன், ஓம் என்றான். அவன் எதிரில் உட்கார்ந்தேன். மண்டபத்தில் பழகியபோது இருந்த தைரியத்தில் ஒரு துளியும் மிச்சமில்லை.

“தம்பி, சாகவேணும் எண்டு யோசிக்கிறியோ?”

கேட்டுவிட்டு வாயை மூடினேன். இரண்டு பிள்ளை பெற்றவள் சொல்கிறேன், இது அதைவிடக் கஷ்டம். ‘சும்மாதான் கேட்டனான்’ என்று சொல்ல நாக்கு துடித்தது. பல்லால் கடித்துக்கொண்டேன். தெருவில் டவுனுக்குப் போகிற பஸ் வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது.

“ஓம், அக்கா,” என்றான்.

எங்கள் ஆட்கள் எதற்கும் ஓம் போடுவார்கள். கேட்டது விளங்காவிட்டாலும் ஓம். அன்றைக்கு அவன் சொன்ன ஓம் வேறு. அதற்குள் அவன் இருந்தான். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு என் தம்பியின் குரலைக் கேட்டேன். அழுதான், நானும் அழுதேன். மகளைப் பற்றிச் சொன்னான், தன்னால் எல்லோருக்கும் பாரம் என்று சொன்னான். நான் புத்தி சொல்லவில்லை, செத்துப்போன அம்மாவை இழுக்கவில்லை. இரகசியமாக வைத்திருக்கமாட்டேன், தனியாகவும் விடமாட்டேன் என்று மட்டும் சொன்னேன். பிறகு அவனுக்கு முன்னாலேயே கேள்வி மனுசிக்குப் போன் எடுத்தேன்.

ஒன்றுவிட்ட சகோதரன் ஒருவரின் வேனில் வந்து இறங்கினார். கையில் பொரித்த கோழிப் பெட்டி. சமைக்கத் தெரியாதவர் வேறு என்ன கொண்டுவருவார்? தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்து, நோயைப் பற்றி ஒன்றும் கேட்காமல், “உங்கட தண்ணி எது?” என்றார்.

தம்பி என்னைப் பார்த்தான், பிறகு அவரைப் பார்த்தான். “கிணறு,” என்றான்.

“அக்காட கிணறோ?”

“ஓம். அதே கிணறுதான்.”

“அப்ப இவ உங்களை விடமாட்டா,” என்று சொல்லி ஒரு கோழித் துண்டை அவன் கையில் வைத்தார். அவன் சாப்பிட்டான். அன்றைக்கே எல்லோருமாக அவனை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். பிறகு எங்கள் வீட்டில் இருந்தான். அவர் தன் சகோதரனோடு அடிக்கடி வந்து, அவனோடு முற்றத்தில் சும்மா உட்கார்ந்திருப்பார். அவர்களுடைய வழக்கத்தில் நோயாளியைப் பார்த்துவிட்டுப் போவது என்று ஒன்று இல்லைப் போலிருக்கிறது. கூட இருப்பதுதான் இருக்கிறது.

எனக்கு எங்கள் ஆட்களை நினைத்துத்தான் பயம். “வெளியில தெரிஞ்சா என்ன கதைப்பினம்?” என்று புலம்பினேன்.

“கதைக்க வரட்டும். கதிரை கிடக்குத்தானே?” என்றார் என் கணவர். அவர்தான் தம்பியை ஒவ்வொரு முறையும் டொக்டரிடமும் ஆலோசகரிடமும் கூட்டிக்கொண்டு போனார். ரிட்டயர் ஆனபிறகு காலையில் எழும்பி என்ன செய்வது என்ற கவலை அவருக்கும் தீர்ந்தது.

தம்பி ஒரே நாளில் தேறவில்லை. நல்ல கிழமையும் வந்தது, கெட்ட கிழமையும் வந்தது. கெட்ட கிழமைகளில் அவனே வந்து சொல்லத் தொடங்கினான். மெல்பேர்ன் போய் மகளைப் பார்த்துவிட்டு வந்தான். வேலையும் கிடைத்தது.

அந்த நேரத்தில்தான் கேள்வி மனுசியை வடக்கே அவருடைய ஊர் ஆட்கள் கூப்பிட்டார்கள், அங்கேயும் பயிற்சியைத் தொடங்கவேண்டும் என்று. போகுமுன் எங்கள் வீட்டில் கடைசியாக ஒரு மத்தியானச் சாப்பாடு. தம்பிதான் சமைத்தான். அவர் வழக்கம் போல மூன்று பேருக்குச் சாப்பிட்டார், என் கணவரின் ரோல்ஸ் கணக்கை விசாரித்தார், என்னை ஆன்ட்டி என்றார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்தது. ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று இவர் கார்த் திறப்பை எடுத்தார்.

“உங்களிட்ட ஒண்டு கேக்கவேணும்,” என்றான் தம்பி.

“கேளுங்கோ.”

“நீங்கள் சாகவேணும் எண்டு யோசிச்சிருக்கிறியளோ?”

நான் பதறிப்போனேன். விருந்தாளியிடம் கேட்கிற கேள்வியா? பேச்சை மாற்ற வாயெடுத்த என்னைத் தம்பி கையால் தடுத்தான். அவன் அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அவர் பெரிதாகச் சிரித்தார். நாங்கள் யாரும் கூடச் சிரிக்கவில்லை. சிரிப்பு நின்றது. ஜேர்சிக் கைகளை இழுத்து விரல்களை மூடிக்கொண்டார். மற்றவர்களின் பதிலுக்கு அத்தனை நேரம் காத்து நின்றவர், எங்கள் எல்லோரையும்விடக் கூடுதலான நேரம் எடுத்தார்.

“ஓம்,” என்றார், எங்கள் சொல்லிலேயே. “என்ர மகன் செத்த பிறகு. இப்பவும் சில நாளில வரும்.”

பிறகு, “இதை என்னட்ட ஒருத்தரும் கேட்டதில்லை,” என்றார்.

தம்பி தன் கதிரையை அவருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டான். இவர் கார்த் திறப்பை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். மகனுடைய பெயரைச் சொல்லித் தொடங்கினார். அன்றைக்கு அவர் தன் ரயிலைத் தவறவிட்டார். அதற்கடுத்த ரயிலையும் தவறவிட்டார்.